செம்பு தீர்ந்த பிறகு

"லீவுக்கு ஒரு காட்டுக்குப் போறோம்மா. அங்க போனா நீயும் வேலை செய்யணும். பரவாயில்லையா?" என்று மகள் கேட்டாள். சபை நடத்திய பெண்கள் போர்டிங்கில் முப்பத்தோரு வருஷம் வார்டனாக இருந்தவள் நான். நூற்றிருபது பிள்ளைகளுக்கு உலை வைத்துப் பழகியிருக்கிறேன். வேலை என்றதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காடு என்றதுதான் உறுத்தியது. கரடி இருக்குமா என்று கேட்டேன். "இருக்கும்" என்றாள். சரி, வருகிறேன் என்றேன்.

போன கோடையில் நான் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்த அந்த இடத்துக்கு ஹோல்டன் வில்லேஜ் என்று பெயர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரின் உள்மடிப்பில் இருக்கிறது. லூத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள் அறுபது வருஷத்துக்கும் மேலாக அதை நடத்தி வருகிறார்கள். முகாம் என்றும் சொல்லலாம், தியான இல்லம் என்றும் சொல்லலாம். ஆனால் பார்த்தால் அசல் கிராமம். தெரு உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, தபால் வந்து போகும். காரில் போய்ச் சேர வழி கிடையாது.

நான் தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர்க்காரி. லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706இல் கப்பலில் வந்து இறங்கிய கரை அது. லூத்தரன் என்ற சொல் எங்களுக்குப் பிறந்த வீட்டுச் சொல். அதனால் அந்தக் காட்டில் எனக்கு ஒரு பாதி சொந்தம் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

சியாட்டிலில் இருந்து காரில் மலையைத் தாண்டினால் நிலம் சட்டென்று மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் ஓயாத மழையும் பச்சையும். அந்தப் பக்கம் வறண்ட குன்றுகள், அவற்றுக்கு நடுவே நீர் பாய்ச்சி வளர்த்த ஆப்பிள் தோட்டங்கள். செலான் என்ற ஊரில் ஏரி தொடங்குகிறது. 80 கிலோமீட்டர் நீளம், அகலம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். கரையில் நின்று பார்த்தால் பெரிய ஆறு என்றே நினைப்போம். ஆழம் மட்டும் 450 மீட்டருக்கு மேல். ஒரு காலத்தில் பனிப்பாறை ஆறு ஒன்று குடைந்துவிட்டுப் போன பள்ளம் அது. செலான் என்பதே அந்த மண்ணின் பூர்வ குடிகளின் சொல். ஆழமான தண்ணீர் என்று பொருள். அந்த மக்களின் ஊர்கள் இப்போது ஏரிக்கரையில் இல்லை, சொல் மட்டும் இருக்கிறது. படகில் ஏறும்போது அது எனக்குச் சுருக்கென்றது.

படகின் பெயர் லேடி ஆஃப் த லேக். ஏரியின் கீழ்க்கோடியில் கரை நெடுக வீடுகள். போகப் போக வீடு குறைந்து, சாலை நின்று, இரண்டு பக்கமும் மலை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கைபேசியில் சிக்னல் போனதை மகள்தான் சொன்னாள். அதோடு அதை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிட்டாள். லூசர்ன் என்ற துறையில் இறங்கினால் மஞ்சள் நிறப் பழைய பள்ளிக்கூடப் பேருந்து காத்திருக்கிறது. அங்கிருந்து 18 கிலோமீட்டர் மலைப்பாதை. முதல் கியரில் முனகிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறுகிறது. ஏற்காடு போனவர்களுக்கு அந்த வயிற்றுப் புரட்டல் தெரியும்.

பேருந்து ஊருக்குள் நுழைந்தபோது தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையசைத்தார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குத்தான். வருகிற பேருந்துக்கும் போகிற பேருந்துக்கும் ஊரே தெருவுக்கு வந்து கையசைப்பது அங்கே வழக்கம். கோதுமை மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்து ஒரு பெண் ஆட்டினாள். அடுத்த பதினைந்து நாளும் நானும் ஓடினேன்.

இனி அந்த ஊரின் கதை. அதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே நடக்கிற எதுவும் புரியாது.

1896இல் ஜேம்ஸ் ஹென்றி ஹோல்டன் என்பவர் அந்தப் பள்ளத்தாக்கில் செம்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். சுரங்கம் ஓடுவதைப் பார்க்காமலே அவர் இறந்து போனார். பிறகு ஹவ் சவுண்ட் என்ற கம்பெனி வந்தது. 1938இல் இருந்து 1957 வரை தோண்டியது. எடுத்த செம்பு 90,000 டன்னுக்கு மேல். கூடவே துத்தநாகம், வெள்ளி, தங்கம். சாலையே இல்லாத காட்டில் வேலையாள் தங்க வேண்டுமே! கம்பெனியே ஒரு ஊரைக் கட்டியது. கல்யாணம் ஆகாத ஆண்களுக்கு வரிசையாக மாடி வைத்த மரவிடுதிகள், பெரிய சாப்பாட்டுக் கூடம், மருத்துவமனை, கூடைப்பந்து ஆடவும் நடனமாடவும் ஒரு கூடம், பில்லியர்ட்ஸ் அறை, பந்து உருட்டி விளையாடும் பௌலிங் தளம். குடும்பஸ்தர்களின் வீடுகள் சற்று மேற்கே இருந்தன. அவை இப்போது இல்லை. உலகப் போரின்போது செம்புக்கு நல்ல கிராக்கி. போர் முடிந்து சில வருஷத்தில் விலை இறங்கியது, பாறையிலும் நல்ல செம்பு குறைந்தது. 1957இல் கம்பெனி மூடிவிட்டுப் போனது. ஊர் அப்படியே நின்றது.

வெஸ் பிரீப் என்று ஒரு லூத்தரன் விசுவாசி. சுரங்கம் மூடப்பட்ட செய்தியைப் படித்துவிட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டார்: அந்த ஊரை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்? 1,00,000 டாலர் என்று பதில் வந்தது. அவர் கையில் அதெல்லாம் ஏது? இன்னொரு மனிதராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். அவர் கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் எழுதினார். 1960இல் கம்பெனியிடமிருந்து வந்த பதில் யாரும் எதிர்பாராதது. ஊரைத் தானமாகவே கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். சியாட்டிலில் இருந்த லூத்தரன் வேதாகமப் பள்ளிக்கு, பேருக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு, முழு ஊரும் கைமாறியது. நிலம் மட்டும் அரசின் வனத்துறையுடையது; அதன் அனுமதியின் பேரில்தான் இன்றுவரை கிராமம் நடக்கிறது.

பட்டாளம் பட்டாளமாக இளைஞர்கள் வந்து ஒழுகும் கூரையை மாற்றினார்கள், உடைந்த குழாய்களைச் சரிசெய்தார்கள். சுரங்கக்காரர்கள் தூங்கிய விடுதியில்தான் நான் தூங்கினேன். ஏறும்போது கிறீச்சிடும் அந்த மரப்படிகள் பழைய படிகள்தான். அவர்கள் கூடைப்பந்து ஆடிய கூடத்தில்தான் சாயங்கால ஆராதனை.

அங்கே என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். நம் ஊரில் ரிட்ரீட் என்றால் எனக்குத் தெரியும். மூன்று நாள், தினம் நாலு செய்தி, நோட்டுப்புத்தகம், இடையில் டீ. பேசுகிறவர் மேடையில், கேட்கிறவர் கீழே. ஹோல்டனில் காலையில் ஒரு வகுப்பு உண்டு. வேதத்தைப் பற்றி ஒருவர் பேசுவார், அடுத்த வகுப்பில் ஆற்று மீனைப் பற்றி ஒரு அறிவியலாளர் பேசுவார். போனால் போகலாம், போகாவிட்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தறி போட்டு வைத்திருக்கிறார்கள், நெய்யலாம். மலையேறலாம். ஹார்ட் ஏரி, லைமன் ஏரி என்று மேலே ஏரிகள். அதற்கும் அப்பால் கிளேசியர் பீக் வனப்பகுதி, அங்கே இயந்திர வண்டிகளுக்கு இடமில்லை. என் முழங்கால் பத்து மைல் அருவி வரைதான் இடம் கொடுத்தது. பெயர்தான் பத்து மைல், நடை அவ்வளவு இல்லை. மாலையில் ஆராதனைக்கு மட்டும் ஊர் முழுவதும் வரும். விசுவாசி, விசுவாசமில்லாதவர், வேறு சபையார், வேறு மதத்தார் என்று யாரையும் பிரிப்பதில்லை. நீ யார், ஞானஸ்நானம் எடுத்தாயா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் வேலை. ஊரில் பெரும்பாலானவர்கள் தொண்டர்கள்தாம். முன்கூட்டியே விண்ணப்பித்து, சில வாரமோ சில மாதமோ வருஷமோ தங்கிப் பங்கு எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும். விருந்தினர்களாக வருகிறவர்கள் பணம் கட்டித் தங்குகிறார்கள். விருந்தினர்களும் ஏதாவது ஒரு வேலைக்குக் கைகொடுப்பதை அங்கே இயல்பாகப் பார்த்தேன். விறகு வெட்டி, சுமை ஏற்றி இறக்குகிற கூட்டத்துக்கு மேவரிக் என்று பெயர். நாங்கள் வந்த அன்று என் பெட்டியைத் தூக்கிய பெண் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள். சாப்பாட்டு மேசையில் விசாரித்தபோது கல்லூரியில் தத்துவம் படிக்கிறேன் என்றாள்.

என்னைச் சமையலறையில் போட்டார்கள். சாப்பாடு பெரும்பாலும் காய்கறி, பருப்பு, தானியம்தான். தினமும் ரொட்டி அங்கேயே சுடுகிறார்கள். ஒவ்வொரு வெங்காயமும் படகில் ஏறி, பேருந்தில் ஏறி வருவதால் ஒன்றையும் வீணாக்க மனம் வராது. ஒரு நாள் பருப்பைத் தாளித்துக் காட்டினேன். கடுகு வெடித்த சத்தத்தில் இரண்டு பேர் பின்வாங்கினார்கள்; சாப்பிட்டபோது பாத்திரம் வழித்துக் காலியானது. மறுநாள் சமையல் பொறுப்பாளர் கடுகு டப்பாவை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் நான் சொல்ல வந்தது பாத்திரம் கழுவும் அறையைப் பற்றி.

சாப்பாட்டுக் கூடத்துக்கு அடுத்தாற்போல் அந்த அறை. உள்ளே நுழைந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். ஒருவர் தட்டில் ஒட்டியதை வழித்துத் தொட்டியில் தள்ளுவார். அடுத்தவர் தலைக்கு மேலே தொங்குகிற குழாயை இழுத்துத் தண்ணீர் பீய்ச்சுவார். மூன்றாமவர் ட்ரேயில் அடுக்கி இயந்திரத்துக்குள் தள்ளுவார். நாலாமவர் அந்தப் பக்கம் கொதிக்கக் கொதிக்க வெளிவருவதை எடுத்து அடுக்குவார். தட்டு சூடாக இருப்பதால் கையில் நிற்காது, விரல் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். என் பக்கத்தில் நின்று தண்ணீர் பீய்ச்சியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு தட்டையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் விட்டார். "இவ்வளவு பார்க்க வேண்டாம், இயந்திரம் பார்த்துக்கொள்ளும்" என்று பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சொல்லிக்கொடுத்தான். அவர் சரி சரி என்று தலையாட்டி வேகத்தைக் கூட்டினார். நாற்பது வருஷம் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் அவர் என்று மூன்றாவது நாள்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அவர் சொல்லி இல்லை. என் கையில் இருந்த ஒரு பழைய வெட்டுக்காயத் தழும்பைப் பார்த்து, யார் தைத்தது, நன்றாகத் தைத்திருக்கிறார்கள் என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எங்கள் போர்டிங்கிலும் முறை உண்டு. பிள்ளைகள் வாரம் மாற்றி வாரம் பெருக்குவார்கள், பாத்திரம் தேய்ப்பார்கள், உக்கிராணத்தில் அரிசி புடைப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கமிட்டியில் இருந்து பெரியவர்கள் வரும் நாளில் அவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறி, சாப்பிட்டு எழுந்ததும் இலையை எடுக்க ஒரு பிள்ளையைப் பின்னாலேயே நிறுத்தி வைப்பேன். எந்தப் பிள்ளையை நிறுத்துவது என்பதை நான்தான் தீர்மானிப்பேன். பெற்றோர் வந்து கேட்கமாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளையாகப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். சீஷர்களின் காலைக் கழுவியவரைப் பற்றிப் பெரிய வியாழக்கிழமை தோறும் அதே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளும் நான்தான். ஆவி நிறைந்த அந்த அறையில், ஒரு கிழவரும் ஒரு பையனும் அக்கம்பக்கம் நிற்பதைப் பார்த்த பிறகு எனக்கு அது முதல் முறையாகத் தவறு என்று பட்டது. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

குப்பை வேலை இன்னொன்று. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் கார்போ. ஊரில் விழும் குப்பையை அள்ளிப் போக முனிசிபாலிட்டி லாரி வராது. உள்ளே வந்தது எதுவும் வெளியே போக வேண்டுமானால் அதே பேருந்துப் பாதையில் இறங்கி, ஏரி வழியாகத்தான் போக வேண்டும். அதனால் ஊரின் மொத்தக் குப்பையையும் ஒரு மேசையில் கொட்டி, கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். எச்சில் சோறும் காய்த்தோலும் எருவுக்கு. தகரம் தனி, கண்ணாடி தனி, காகிதம் தனி. அரைமணி நேரம் அந்த மேசையில் நின்றாலே ஊர் என்ன தின்றது, எதைப் பாதியில் வைத்தது, யார் எதை ஒளித்துத் தின்றார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். நம் ஊரில் இந்த வேலையை யார் செய்கிறார்கள், எந்தத் தெருவில் இருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஹோல்டனில் அது எல்லார் கைக்கும் வருகிறது. அன்று என் எதிரில் நின்று தகரத்தை நசுக்கியவர் ஒரு ஐயர். நம் வழக்கப்படி சொல்கிறேன், சபை போதகர். அன்று சாயங்காலம் ஆராதனை நடத்தியவரும் அவரே.

அந்த ஆராதனைப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1985–86 குளிர்காலத்தில் மார்ட்டி ஹாகன் என்ற இசையமைப்பாளர் அந்தக் கிராமத்தில் தங்கியிருந்தார். மலை முழுக்கப் பனி மூடிய அந்த மாதங்களில், கிராமத்தார் பாடுவதற்காக ஒரு மாலை ஆராதனை முறையை இசையமைத்தார். ஹோல்டன் ஈவ்னிங் பிரேயர் என்று அது இன்று அமெரிக்காவில் எத்தனையோ சபைகளில் பாடப்படுகிறது. தேர்ந்த பாடகர் குழு இல்லாமலே, ஒரு பியானோவும் கொஞ்சம் தொண்டையும் இருந்தால் பாடிவிடலாம். மூன்றாவது நாள் நானும் சேர்ந்து பாடினேன். ஒரு நாள் என்னையும் பாடச் சொன்னார்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றைப் பாடினேன். தாளம் போட என் மகளுக்கு மறந்து போயிருந்தது. பின் வரிசையில் யாரோ ஒருவர் சரியாகப் போட்டார்.

ஊர் குளிர்காலத்திலும் மூடுவதில்லை. ஐம்பது அறுபது பேர் தங்கிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பனி ஆளுயரத்துக்கு மேல் விழும். குளிர்காய விறகு, விளக்குக்கு ஓடைத் தண்ணீரில் ஓடும் சிறிய மின்நிலையம். கரண்ட் அளவாகத்தான் கிடைக்கும். அதனால் தலைமுடி உலர்த்தும் கருவியைக்கூட யோசித்துத்தான் போட வேண்டும். தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கேயே அரசுப் பள்ளிக்கூடம் நடக்கிறது. கைவிரலில் எண்ணிவிடலாம் மாணவர்களை.

இவ்வளவு அழகாகச் சொல்கிறேனே, ஊருக்கு எதிர்க்கரையில் இருப்பதையும் சொல்ல வேண்டும்.

ஊரை ஒட்டி ஓடும் ஓடையைத் தாண்டினால் மரம் இல்லாத, தட்டையாக வெட்டிய பெரிய மேடுகள். சுரங்கம் ஓடிய காலத்தில் பாறையை மாவாக அரைத்து, செம்பைப் பிரித்தெடுத்தபின் மிச்சத்தை ஓடைக்கரையிலேயே குவித்துவிட்டார்கள். லட்சக்கணக்கான டன். அந்தப் பாறை மாவில் கந்தகம் கலந்திருக்கிறது. காற்றும் மழைத்தண்ணீரும் பட்டால் கந்தகம் அமிலமாகும். அமிலம் மிச்சமிருக்கிற இரும்பையும் துத்தநாகத்தையும் செம்பையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். நம் வீட்டில் புளிச்சாற்றைச் செம்புப் பாத்திரத்தில் வைத்தால் கெட்டுப் போகும் என்று பாட்டிமார் திட்டுவார்களே, அதே விஷயம்தான், ஒரு மலை அளவில். ஓடையின் கற்களில் துருவேறி, ஆரஞ்சு நிறப் படிவம் ஒட்டிக்கொண்டது. மீன்களுக்கு இரையாகும் பூச்சிகள் அற்றுப்போயின.

சுத்தம் செய்யும் பொறுப்பு, கம்பெனிகள் ஒன்றை ஒன்று வாங்கி விற்றதில் கைமாறிக் கைமாறி, கடைசியில் ரியோ டிண்டோ என்ற பெரிய சுரங்க நிறுவனத்தின் தலையில் வந்து நின்றது. அந்தச் சுரங்கத்தில் அது ஒரு கல்லைக்கூட எடுத்ததில்லை. ஆனாலும் சட்டப்படி அதுதான் வாரிசு. 2010களில் பெரிய வேலை நடந்தது. ஓடையைச் சற்று நகர்த்தி, மேடுகளைச் சரித்துச் சீராக்கி, கசியும் நீரைத் தடுக்கப் பூமிக்கடியில் நீண்ட சுவர் எழுப்பி, பிடித்த நீரைச் சுண்ணாம்பு கலந்து சுத்திகரிக்க ஒரு நிலையம் கட்டினார்கள். நூற்றுக்கணக்கான வேலையாட்கள். அவர்களுக்குக் கிராமமே இடமும் சாப்பாடும் கொடுத்தது. சில கோடைகளுக்கு வழக்கமான விருந்தினர் வருகை நின்றது. தானமாக வந்த ஊர் என்று பெயர். அந்தத் தானத்தோடு இந்த விஷமும் சேர்ந்தேதான் வந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு விட்டுவிட்டுப் போகாமல் இருந்தார்களே, அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன். அந்தச் சுத்திகரிப்பு நிலையம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பல காலம் ஓட வேண்டியிருக்கும்.

அந்த வேலை முடியும் முன்பே 2015 கோடையில் காட்டுத்தீ வந்தது. மின்னல் விழுந்து பற்றிய தீ, வாரக்கணக்கில் பள்ளத்தாக்கை நோக்கி நகர்ந்தது. கிராமத்தார் எல்லாரையும் வெளியேற்றினார்கள். தீயணைப்பு வீரர்கள் கூரைகள் மேல் தண்ணீர் தெளித்து, ஊரைச் சுற்றித் தாங்களே முன்கூட்டி எரித்து ஒரு வளையம் போட்டுக் காத்தார்கள். ஊர் பிழைத்தது. நான் போனபோதும் பேருந்துப் பாதையில் கறுத்த மரங்கள் கம்பம் கம்பமாக நின்றன. அவற்றின் அடியில் ஊதா நிறத்தில் ஒரு பூ, இடுப்பு உயரத்துக்கு. தீ எரிந்த இடத்தில்தான் முதலில் முளைக்குமாம். அதன் பெயரிலேயே நெருப்பு இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். அங்கே வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் படித்த, வசதியுள்ள வெள்ளைக்காரர்கள். படகு, தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு வாரம் சம்பளமில்லாமல் பாத்திரம் கழுவ, முதலில் இரண்டு வாரம் சம்பளமில்லாமல் இருக்க முடிய வேண்டுமே. ஒரு மாலை இதைப் பேசினேன். யாரும் மறுக்கவில்லை. இது எங்களுக்கும் உறுத்தல்தான் என்று ஒரு பெண் சொன்னாள். உறுத்தல் இருக்கட்டும், கதவு இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும் என்பது என் கருத்து.

கிளம்பிய காலையில் பேருந்து நகர்ந்ததும் ஊர் தெருவுக்கு வந்து கையசைத்தது. டாக்டர் ஈரக் கையை ஆட்டினார். அவர் முறை அன்று காலையில் இருந்திருக்கும்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மிஷனரிமார் வெயிலுக்குப் பயந்து மலைமேல் கட்டிய பங்களாக்கள் நம் சபைகளுக்கு எத்தனையோ இருக்கின்றன. சிலவற்றை நன்றாக நடத்துகிறார்கள், சந்தோஷம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பங்களா இருபது வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. தேக்குக் கதவு, கல்சுவர், பின்னால் ஓடை, சுற்றிலும் சோலை. போர்டிங் பிள்ளைகளை ஒரு தரம் அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். இப்போது ஓடு சரிந்து உள்ளே மழை இறங்குகிறது. ஒரு கோடைக்கு அதைத் திறந்தால் என்ன? பிள்ளைகள் வரட்டும், துப்புரவு வேலை செய்யும் குடும்பங்கள் முதலில் வந்து விருந்தாளிகளாக உட்காரட்டும், கமிட்டிக்காரர்கள் முறை போட்டு இலை எடுக்கட்டும். சமையலுக்கு நான் வருகிறேன். என் கூடப் படித்த இரண்டு பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் சபையிலும் அப்படி ஒரு கட்டடம் பூட்டிக் கிடந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை விசாரியுங்கள்.

கமிட்டிக்கு ஆவணி மாதம் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. வெஸ் பிரீப் மூன்று வருஷம் காத்திருந்தார். தை பிறந்ததும் இரண்டாவது கடிதம் எழுதுவேன்.